நாலாவது சக்கரத்தின் பொட்டு

அத்தியாயம் 7

பெரியபாளையம் தாண்டும்போது வெறும் முனகலாகத்தான் இருந்தது. புதுவாயல் முனையில் திரும்பியதும் அது ஊளையாகிவிட்டது. துப்பறியும் வரதனின் பழைய ஃபியட் கார், முன்பக்கத்து இடது சக்கரத்தால் சத்தம் போட்டு ஊரைக் கூட்டிக்கொண்டு போனது.

"வண்டி அழுவுது சார்," என்றான் உதவியாளன் துலுக்காணம். "சம்பளம் வரலன்னு நெனைக்கிறேன். நான் அழுதா நீங்க காதுல போட்டுக்கினது கெடையாது. அதுக்காவது குட்த்துடுங்க."

"பேரிங் தேஞ்சு போச்சு."

"அது திருவள்ளூர்லயே தெரியுமே. புது பேரிங்க வாங்கி டிக்கியில வெச்சிக்கினு, மாத்தாம இழுத்துக்கினு வர்றீங்க. இன்னா, எதுனா வேண்டுதலா?"

"ஜெயராஜ் வீட்டு வாசல்ல மாத்தப் போறோம். அவன் மாத்தின அதே எடத்துல, அவனோட சாமானை வெச்சே."

"போறோம்னா, நீங்களும் நானுமா?"

"நீ மாத்தப் போற. நான் பாக்கப் போறேன்."

துலுக்காணம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, "பேஜாரு," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

விஷயம் இதுதான். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்காலை நடத்தி வந்த தணிகாசலம், விஜயதசமியன்று காலை தன் அம்பாசடரைத் தானே ஓட்டிக்கொண்டு திருவள்ளூருக்குக் கிளம்பினான். ஏரிக்கரை மேல் போகும்போது முன்சக்கரம் ஒன்று கழன்று தன் பாட்டுக்கு ஓடியது. கார் கரையிலிருந்து உருண்டு பனைமரத்தில் போய் மோதியது. செத்தவனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்வது ஊர் வழக்கம். தணிகாசலத்துக்கு அந்த நாலு வார்த்தை சொல்ல ஆலையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தொழிலாளியின் வயிற்றில் அடித்தே கொழுத்தவன் அவன். போய்த் தொலைந்தான் என்றுதான் டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

ஆனால் அகப்பட்டுக்கொண்டவன் டிரைவர் ஜெயராஜ். ஒர்க் ஷாப்புக்குக் கார் அனுப்ப மனம் வராத முதலாளி, வீட்டில் வைத்து பேரிங்கை மாற்றிக்கொண்டு வா என்று அவனிடம் சொல்லியிருந்தான். ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஜெயராஜ் தன் வீட்டு வாசலில் காரை ஜாக்கியில் தூக்கி வைத்து மாற்றினான். அதே சக்கரம்தான் கழன்றது. சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கும் பெரிய நட்டு திரும்பிக் கழன்றுவிடாமல் குறுக்கே குத்தி வைப்பார்களே, ஸ்பிளிட் பின் என்கிற சின்னக் கம்பி, அதை மட்டும் காணவில்லை. நட்டு, அதன் மேல் மாட்டும் கிரீஸ் மூடிக்குள்ளேயே பத்திரமாகக் கிடந்தது. உடைந்த பின்னின் துணுக்குகூட இல்லை.

இதற்கு மேல் போலீஸுக்கு என்ன வேண்டும். போன மாதம் தணிகாசலம் எல்லோர் எதிரிலும் ஜெயராஜைச் செருப்பால் அடித்திருந்தான். விஜயதசமியன்று பார்த்து ஜெயராஜ் லீவு. அடி வாங்கியதற்குப் பழிவாங்கவே பின்னைப் போடாமல் விட்டான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நாளைக் காலை கொலைக் குற்றம் சாட்டி அவனைக் கோர்ட்டில் நிறுத்தப் போகிறார்கள். அதற்குள் வேறு ஆளைக் காட்டினால் உண்டு, இல்லாவிட்டால் ஜெயராஜின் கழுத்து அவனுடையது இல்லை.

ஜெயராஜின் மனைவி கிரேஸ் வாசலிலேயே நின்றிருந்தாள். வரதனைத் திருவள்ளூர் வரை தேடி வந்து அழைத்தவள் அவள்தான். அன்றைக்கு அழுதாள். இன்றைக்கு அழுகை தீர்ந்து கோபம் மட்டும் மிச்சமிருந்தது.

"யாருன்னு தெரிஞ்சுதா சார்?"

"இன்னும் இல்லம்மா."

"எவனா இருந்தாலும் சரி. அவன் கையில வெலங்கு மாட்றத நான் கண்ணால பாக்கணும். அவன் ஊட்டுப் பொம்பளயும் என்ன மாதிரி ஸ்டேஷன் வாசல்ல நின்னு நாறணும். மன்னிக்கச் சொல்லி கோயில்ல ஃபாதர் சொல்றாரு. எனக்கு வரல சார்."

"அதெல்லாம் அப்புறம். அன்னிக்கி ஜெயராஜ் எப்படி மாத்தினார்னு ஒண்ணு விடாம சொல்லு. துலுக்காணம் அப்படியே செய்வான்."

ஜெயராஜின் சாமான்கள் ஒரு பழைய மரப்பெட்டியில் இருந்தன. துலுக்காணம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். கிரேஸ் சுவரில் சாய்ந்து நின்று சொல்லச் சொல்ல, அவன் ஒவ்வொன்றாகச் செய்தான்.

"பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கல்லு வெச்சாரு. அப்பால அந்தப் பளபளா மூடிய கழட்டினாரு."

"வீல் கப்பு," என்றான் துலுக்காணம். ஸ்க்ரூ டிரைவரை ஓரத்தில் கொடுத்து நெம்பினான். கப் துள்ளி மண்ணில் விழாமல் இடது உள்ளங்கையை அதன் முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டான்.

ஜாக்கி ஏறியது. சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதை வைத்தான். கரகரவென்று உள்ளே எதுவோ மென்றது. மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டியபோது சக்கரம் லொடலொடவென்று ஆடியது. "கெயவன் பல்லு மாதிரி ஆடுது சார். இதுல ஒக்காந்து நாம பெரியபாளையத்துலேர்ந்து வந்திருக்கோம். நமக்கும் ஒருத்தன் ஸ்கெட்ச் போட்டுக்கினு கீறானோ இன்னாமோ."

சக்கரத்தைக் கழற்றினான். கிரீஸ் மூடி, பின், நட்டு என்று வரிசையாக வந்தன. சக்கரத்தைத் தாங்கும் ஹப்பை இழுத்து எடுத்து, பழைய பேரிங்கைத் தட்டி வெளியே தள்ளினான். உருளைகள் அம்மை விழுந்த முகமாகக் குழி குழியாக இருந்தன. ஹப்பை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தான். புது பேரிங்கின் இடுக்கெல்லாம் நிறையும்படி உள்ளங்கையில் கிரீஸை வைத்துத் தேய்த்துத் தேய்த்து ஏற்றினான். உள்ளே வைத்துத் தட்டினான். நட்டை இறுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்தி, ஹப் சத்தமில்லாமல் சுற்றுகிறதா என்று பார்த்தான்.

"அப்புறம் பின்," என்றான் வரதன்.

"புதுப் பின்னு சார்," என்றாள் கிரேஸ். "என் எதிர்லதான் குத்தினாரு. குத்திட்டு ரெண்டு காலையும் மடக்கினாரு. ‘பாத்துக்கோ கிரேசு, இந்தத் துளியூண்டு கம்பியிலதான் மொதலாளி உசுரு கீது’ன்னு சொன்னாரு. இதயே போலீசுலயும் சொன்னேன். பொண்டாட்டி வேற எப்படிச் சொல்லுவான்னு சிரிச்சானுங்க."

"அதுக்கப்புறம் வண்டி ஓடிச்சா?"

"ஓடாம? திங்கக்கெழம மெட்ராஸ் போய்ட்டு வந்தாரு. பூஜை வரிக்கும் தெனம் ஓடிச்சி."

பின் இல்லாத நட்டு மெட்ராஸ் வரை தாங்காது என்று வரதன் சொன்னால் போலீஸ், தாங்கும் என்று சொல்லும். அதை வைத்துக் கோர்ட்டில் காலம் பூரா பேசலாம், ஜெயராஜை வெளியே கொண்டுவர முடியாது. வரதன் சிகரெட் ஒன்றைப் பற்ற வைத்தான்.

துலுக்காணம் பின்னைக் குத்தி, சக்கரத்தை மாட்டி, வீல் கப்பைத் தட்டிப் பொருத்திவிட்டு எழுந்தான். எழுந்தவன் கப்பைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தான். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அவன் உள்ளங்கை பட்டுக் கலைந்து ஈஷியிருந்தன.

"தங்கச்சி, துளி சந்தனமும் குங்குமமும் இருந்தா குடும்மா."

"எங்க ஊட்டுல ஏதுண்ணே? இரு, பக்கத்துல வாங்கியாறேன்."

கிரேஸ் ஒரு தட்டில் வாங்கி வந்தாள். துலுக்காணம் கப்பைத் துணியால் துடைத்து, மோதிர விரலால் சந்தனம் வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைத்தான். மற்ற மூன்று சக்கரத்துப் பொட்டையும் எட்டிப் பார்த்து, சரியாக வந்திருக்கிறதா என்று ஒத்துப் பார்த்துக்கொண்டான்.

"எதுக்குடா அது?" என்றான் வரதன்.

"பூஜைப் பொட்டு சார். அழிச்சிட்டு அப்படியே உட்டா நல்லாவா இருக்கும்? நீங்க சாமி இல்லம்பீங்க. நான் இதுல ஒக்காந்து ஊடு போய்ச் சேர வேணாமா?"

வரதன் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தான். "அழிச்ச கை திருப்பி வெச்சுடும். வெக்காம அதால போக முடியாது. வண்டிய எடு."

"நாஷ்டா?"

"ஸ்டேஷன்ல குடுப்பாங்க."

"அவங்க குடுக்கற நாஷ்டா எனக்கு ஒத்துக்காது சார்," என்று சொல்லிக்கொண்டே துலுக்காணம் காரில் ஏறினான்.

ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் முதலாளியின் அம்பாசடர் மூக்கு நசுங்கி நின்றது. ஏட்டு ராஜவேலு வரதனுக்குப் பழக்கமானவர். இன்ஸ்பெக்டர் வெளியே போயிருந்த தைரியத்தில், கொட்டகைக்குள் சாய்த்து வைத்திருந்த கழன்ற சக்கரத்தையும் எடுத்துக் காட்டினார். வேலிக்காத்தான் புதரில் போய்ச் சிக்கிய சக்கரம் அது. வீல் கப் இன்னும் அதிலேயே இருந்தது.

வரதன் முதலில் காரில் இருந்த மூன்று சக்கரங்களைப் பார்த்தான். மூன்றிலும் சந்தனம், நடுவில் குங்குமம். ஒன்றில் குங்குமம் பாதி உதிர்ந்திருந்தது. ஆனால் உதிர்ந்த இடத்தில் சந்தனம் சிவந்து கறைபட்டிருந்தது.

பிறகு நாலாவது சக்கரத்தின் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். சந்தனப் பொட்டு வட்டமாக, அழகாக இருந்தது. குங்குமம் இல்லை.

"உருண்டு போனதுல கொட்டிட்டிருக்கும் சார்," என்றான் துலுக்காணம்.

"கொட்டினா கறை நிக்கும். இது சுத்தமா இருக்கு. ஆனா ஓரத்தைப் பாரு."

சந்தன வட்டத்துக்கு வெளியே, கப்பின் வளைவில், உள்ளங்கை துடைத்துவிட்டுப் போன மாதிரி மங்கலாக ஒரு சிவப்பு இழுப்பு இருந்தது.

"மொதல்ல வெச்ச பொட்டுல குங்குமம் இருந்திருக்கு," என்றான் வரதன். "கப்பைக் கழட்டினப்போ அது அழிஞ்சிருக்கு. திருப்பி மாட்டிட்டு, வேற பொட்டு வெச்சிருக்காங்க. அதுல சந்தனம் மட்டும்தான். ஏட்டய்யா, ஞாயித்துக்கெழம இல்ல, பூஜைக்கு அப்புறம் ஒருத்தர் இந்தச் சக்கரத்தைத் தொறந்திருக்காங்க. பின்னை உருவி, நட்டை முனை வரைக்கும் தளர்த்தி வெச்சிருக்காங்க. சக்கரத்தைக் கழட்டக்கூட வேண்டியதில்ல. ஒரு குறடு போதும்."

ராஜவேலு மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு வருத்தத்தோடுதான் சொன்னார்.

"நீங்க சொல்றது சரிதான் சார். ஆனா இது இன்னும் மோசமாச்சே. ஜெயராஜ் கிறிஸ்டியன். பொட்டு வெக்கற மொறை அவனுக்கு இன்னா தெரியும்? சந்தனத்த அப்பிட்டுக் குங்குமத்த மறந்திருப்பான். மறதியா பின்ன உட்டுட்டேன்னு சொல்லித் தப்பிக்க ஒரு வழி இருந்துது. இப்போ அதுவும் போச்சு. வேணும்னே வந்து கழட்டியிருக்கான்னு ஆவுது."

துலுக்காணம் வரதனைப் பார்த்தான். ஒரு ஏழையைக் காப்பாற்றப் போய், அவன் கழுத்துக் கயிற்றைத் தானே இழுத்து இறுக்கிவிட்டோமோ என்று வரதனுக்கே சந்தேகம் வந்தது.

"அய்யா வந்ததும் நான் சொல்லியாவணும்," என்றார் ராஜவேலு.

"சாயங்காலம் வரைக்கும் பொறுங்க," என்றான் வரதன்.

திரும்பி வந்ததும் கிரேஸிடம் மறைக்காமல் சொன்னான். அவள் முழுதும் கேட்டுவிட்டு, கசப்பாகச் சிரித்தாள்.

"ஏட்டு சொன்னாரா, அவருக்குப் பொட்டு வெக்கத் தெரியாதுன்னு? அந்த நாலு சக்கரத்துக்கும் பொட்டு வெச்சதே அவருதான் சார். வருசா வருசம் அவருதான். வண்டிய ஓட்றவன்தான் வெக்கணும்னு மொதலாளி வெக்கச் சொல்லுவாரு. வெரலெல்லாம் செவப்பா ஊட்டுக்கு வருவாரு, அந்தக் கையோட ஜெபம் பண்ணாதன்னு நான் திட்டுவேன். ஆலையில யார வேணா கேளுங்க."

வரதன் நிமிர்ந்தான். "அப்ப குங்குமத்தை அவர் மறந்திருக்க மாட்டார். சரி, பொட்டு வெச்சு முடிச்சதும் சந்தனமும் குங்குமமும் எங்க இருந்துது?"

"கார் மேலயே, நானும் பூஜைக்குப் போயிருந்தேன், பாத்தேன். சந்தனக் கிண்ணமும் குங்குமத் தட்டும் பக்கத்துல பக்கத்துல."

"கையெதிரே ரெண்டும் இருக்கு. ஒண்ணைத் தொட்டிருக்காங்க, இன்னொண்ணைத் தொடலை. அப்புறம் எல்லாரும் எங்க போனீங்க?"

"உள்ள ஷெட்டுல பந்தி. நான்தான் கொழம்பு ஊத்தினேன். வாட்ச்மேன்கூட கேட்ட சாத்திட்டு வந்து ஒக்காந்துட்டாரு."

"ஒருத்தர்கூட வெளிய இல்லையா?"

"இல்ல சார். எல்லாருக்கும் எல போட்டாச்சு."

"எலை யாருக்குப் போடலை?"

கிரேஸ் பதில் சொல்ல வாயெடுத்தாள். அவள் முகத்தில் இருந்த கோபம் மெல்ல வடிந்து, அங்கே வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது. அதைப் பயம் என்றுதான் துலுக்காணம் நினைத்தான்.

"சொல்லும்மா."

"பச்சையம்மாக்கா," என்றாள் மெதுவாக. "பின் தெருவு. ஆலையில பெருக்கறவங்க. அவங்க ஊட்டுக்காரரு நாகமுத்து, ஃபிட்டரு. போன வருசம் ஆலையில செத்துட்டாரு. நல்ல நாளும் அதுவுமா எதிர்ல வராத, பெருக்கிட்டு வெளிய ஒக்காந்துக்கோ, எல்லாரும் துன்னப்பறம் வாங்கிக்கினு போன்னு மொதலாளி சொல்லிட்டாரு."

தாலி அறுத்தவள் கண்ணில் பட்டால் பூஜை கெட்டுவிடுமாம். அந்தத் தாலி அறுந்ததே தன் ஆலையில் என்பது தணிகாசலத்துக்கு நினைவில்லை. அவளை ஒதுக்கி உட்கார வைத்தான். உட்கார வைத்த இடம் காரின் பக்கம். சாவை ஒருத்தன் இதைவிட மரியாதையாக வரவேற்க முடியாது.

"குங்குமம் தொடற வழக்கம் விட்டுப் போன கை," என்றான் வரதன்.

துலுக்காணத்துக்கு அப்போது கிண்டல் வரவில்லை. "கொலை பண்ண மனசு வந்துது. பொட்ட அழிச்சிட்டுப் போவ மனசு வரல. குங்குமத்துக்குக் கையும் வரல," என்றான்.

மூன்று பேரும் பின் தெருவுக்குப் போனபோது, பச்சையம்மா குழாயடியிலிருந்து வந்து, குடத்தை வாசலில் இறக்கிக்கொண்டிருந்தாள். ஒல்லியான, உயரமான பெண். வெறும் நெற்றி. மூன்று பேரையும் பார்த்தாள். கிரேஸைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாள்.

வரதன் சுற்றி வளைக்கவில்லை. சக்கரத்தில் பார்த்ததைச் சொன்னான். "இது கோர்ட்டுல நிக்காதும்மா. சந்தனப் பொட்டைக் காட்டி ஜட்ஜ் எதிர்ல நின்னா என்னைப் பைத்தியக்காரன்னுதான் சொல்லுவாங்க. நீங்க இல்லன்னு சொல்லிட்டா நான் திரும்பிப் போக வேண்டியதுதான். கேக்கத்தான் வந்தேன்."

அவள் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"குங்குமம் வெக்கலியா நானு?" என்றாள். "வெச்சேன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன். பழகிப் போச்சு இல்ல, கை போவல."

"எதுக்கும்மா திருப்பி வெச்சீங்க?"

"வண்டி இன்னா பாவம் பண்ணிச்சி? பூஜை பண்ண வண்டி."

கிரேஸ் பாய்ந்தாள். துலுக்காணம் தடுப்பதற்குள் பச்சையம்மாவின் கூந்தலைக் கொத்தாகப் பிடித்துவிட்டாள்.

"பாவி, எங்க ஊட்டுக்காரரு இன்னாடி பண்ணாரு உனக்கு? அண்ணி அண்ணின்னு உன் கையால சோறு துன்னாரேடி. அவர ஏன்டி மாட்டி உட்ட?"

பச்சையம்மா கையை எடுத்துவிடக்கூட முயலவில்லை.

"மாட்டி உடல. ரெண்டு பேரும் ஒண்ணா போவட்டும்னுதான் கழட்டினேன். அவன் ஓட்டுவான், மொதலாளி பின்னால ஒக்காருவான், ரெண்டும் ஒரே ஏரியில போவும்னு. உன் புருசன் லீவு போட்டுட்டான். தப்பிச்சிக்கினான்னு எனக்கு வயிறு எரிஞ்சிது. மறுநாளே போலீஸ் வந்து இஸ்துக்கினு போச்சு. சாமி உடல பாத்தியா?"

"ஏன்? ஏன்?"

"உனக்குத் தெரியாது?"

கிரேஸின் கை தளர்ந்தது.

அவளுக்குத் தெரியும். நாகமுத்து செத்தது கொதிக்கும் இரும்பு கொட்டி. அந்தத் தொட்டியைத் தூக்குகிற சங்கிலி தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று அவன் முதலாளியிடம் பல தடவை சொல்லியிருந்தான். சங்கிலி அறுந்தபோது அதன் கீழே அவனே நின்றிருந்தான். விசாரணைக்கு அதிகாரி வந்தார். நாகமுத்து குடித்துவிட்டு வேலைக்கு வந்ததால்தான் விபத்து என்றான் தணிகாசலம். அதற்குச் சாட்சி சொன்னவன் ஜெயராஜ். காலையில் சாராயக்கடை வாசலில் இருந்து நான்தான் அவனை வண்டியில் ஏற்றி வந்தேன் என்று, அதிகாரி எதிரில் நிமிர்ந்து நின்று சொன்னான். சொல்லாவிட்டால் வேலை போய்விடும் என்று முதலாளி மிரட்டியிருந்தான். அன்று வீட்டுக்கு வந்து கிரேஸிடம் சொல்லி அழுதான். அவள் அவன் முதுகைத் தடவிக் கொடுத்து, வெளியே சொல்லாதே என்றாள்.

"ஒரு சொட்டு தொட்டவரு இல்ல," என்றாள் பச்சையம்மா. குரலை உயர்த்தவில்லை. "நாயித்துக்கெழமயானா அவரும் உன் புருசனும் இதே வாசல்ல வண்டியப் பிரிச்சிப் போட்டுக்கினு ஒக்காருவாங்க. நட்டு, பின்னு எல்லாம் நான்தான் எடுத்துக் குடுப்பேன். கூடப் பொறந்தவன் மாதிரி இருந்தான் அவன். அவரு கருகிப் போய்க் கெடக்கறாரு, இவன் போய்க் குடிகாரன்னு சொல்றான். அன்னியிலேர்ந்து என் புள்ளைங்க குடிகாரன் புள்ளைங்க. நான் குடிகாரன் பொண்டாட்டி. புருசன் பூட்டாருன்னு அழக்கூட உடல இந்தத் தெரு. குடிச்சி செத்தவனுக்கு இன்னா அழுகைன்னு கேட்டாளுங்க. மொதலாளி பெரிய மனசு பண்ணித் தொடப்பத்தக் கையில குட்த்தான். அவரு செத்த எடத்த நான் தெனம் பெருக்கினேன்."

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளங்கையில் ஒரு சின்னக் கம்பி இருந்தது. கால்கள் நிமிர்த்தப்பட்ட, புதுப் பளபளப்புப் போகாத ஸ்பிளிட் பின்.

வரதன் கை நீட்டினான். அவள் விரல்களை மூடிக்கொண்டாள்.

"நான் வரேன். எங்க வேணா வரேன், எதுல வேணா கைநாட்டு வெக்கறேன். தூக்குல போடட்டும். ஆனா அதுக்கு முன்ன அவன் சொல்லணும். எந்த வாயால சொன்னானோ அந்த வாயால, நாளைக்கி கோர்ட்டுல, நாகமுத்து குடிக்கல, நான் சொன்னது பொய்யின்னு. இல்லன்னா இத இந்தக் கால்வாயில போட்டுட்டு நான் பாட்டுக்கு ஒல வெக்கப் போறேன்."

வாசலை ஒட்டிச் சாக்கடை கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. அதில் விழுந்தால் அந்தக் கம்பியை எந்தப் போலீஸாலும் எடுக்க முடியாது.

"பொய்ச் சாட்சிக்கு ஜெயில் உண்டு," என்றான் வரதன், கிரேஸைப் பார்த்து. "கொலைக்குத் தூக்கு. ஜெயராஜ் தன் பொய்யை ஒத்துக்காம இந்தம்மா எதுக்குச் செஞ்சாங்கன்னு யாருக்கும் புரிய வைக்கவும் முடியாது. வேற வழி என்கிட்ட இல்ல."

"அவரு சொல்லுவாரு," என்றாள் கிரேஸ்.

"சொல்ல மாட்டான். பயந்தாங்கொள்ளி."

"நான் சொல்ல வெக்கறேன்கா. என் புள்ளைங்க மேல ஆணையா சொல்ல வெக்கறேன்."

"மொதல்ல நீ சொல்லு," என்றாள் பச்சையம்மா. "தெருவுல நின்னு சொல்லு."

கிரேஸ் வரதனைப் பார்த்தாள். வரதன் தரையைப் பார்த்தான். குற்றவாளியின் கையில் விலங்கு மாட்டுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று காலையில் கேட்டவள், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு தெரு நடுவில் போய் நின்றாள்.

"நாகமுத்து அண்ணன் குடிக்கல," என்றாள். பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்கவில்லை. காறிக் கனைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். "நாகமுத்து அண்ணன் அன்னிக்கிக் குடிக்கல. என்னிக்குமே குடிச்சதில்ல. எங்க ஊட்டுக்காரரு மொதலாளிக்குப் பயந்துக்கினு பொய் சொன்னாரு. அது பொய்யின்னு எனக்கும் தெரியும். தெரிஞ்சே வாய மூடிக்கினு இருந்தேன்."

கதவுகள் திறந்தன. ஒருத்தி ஈரக் கையோடு வந்து நின்றாள். ஷிப்டு முடிந்து தூங்கிக்கொண்டிருந்த ஒருவன் லுங்கியை இழுத்துக் கட்டியபடி எட்டிப் பார்த்தான்.

கிரேஸ் திரும்பினாள். "போதுமாக்கா?"

"அன்னிக்கிக் குடிகாரன்னு ஊடு ஊடாப் போய்ச் சொன்னாளுங்க," என்றாள் பச்சையம்மா. "நீயும் ஊடு ஊடாப் போய்ச் சொல்லு."

கிரேஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள். துலுக்காணம் ஏதோ சொல்ல வந்தான். வரதன் அவன் தோளில் கை வைத்து நிறுத்தினான். பச்சையம்மா பின்னை மூடிய கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு கிரேஸின் பின்னால் நடந்தாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று முழுதும் கேட்டாள். சில வீடுகளில் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். தெருக் கோடியில் கடைசி வீட்டுக்காரி, "தெரியாமப் பேசிட்டேன் பச்சையம்மா," என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுத பிறகுதான், அவள் திரும்பி வந்து வரதனின் கையில் பின்னைக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறி உட்கார்ந்தாள்.